ஊருணியில் இறங்கியவர்கள்

பாண்டியம்மாள் வாக்கப்பட்டு வந்த ஊர் கீழக்குயில்குடிக்கு மேற்கே, நாகமலையின் அடிவாரத்தில் இருந்தது. அங்கே குடிதண்ணீருக்கு ஊருணி ஒன்றுதான். நாலு பக்கமும் கல்படி கட்டிய பெரிய ஊருணி. ஊர்ப் பெண்கள் படியிறங்கி மொண்டுகொள்வார்கள். சேரிப் பெண்கள் இறங்கக் கூடாது. கரைமேல் புளியமரத்தடியில் மண்குடங்களோடு காத்து நிற்பார்கள். தண்ணீர் எடுத்து ஏறுகிறவர்களில் மனசு வந்தவர்கள் எட்ட நின்று அவர்கள் குடத்தில் ஊற்றிவிட்டு, மறுபடியும் இறங்கித் தங்களுக்கு மொண்டுகொள்வார்கள். மனசு வராதவர்கள் பார்க்காததுபோலப் போவார்கள்.

பாண்டியம்மாளுக்கு எப்போதும் மனசு வரும். மற்றவர்கள் கையை உயர்த்தி ஊற்றும்போது பாதித் தண்ணீர் தரையில் சிந்திவிடும். அவள் குனிந்து, குடத்தின் வாயருகே கொண்டுபோய், ஒரு சொட்டு வீணாகாமல் ஊற்றுவாள். புளியமரத்தடியில் நிற்கிறவர்கள் அவளைக் கண்டதும் முகம் மலர்வார்கள். அது அவளுக்குப் பிடித்திருந்தது. வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் மனசு நிறைந்திருக்கும்.

அவள் புருஷன் முத்திருளனுக்கு நாலு குறுக்கம் மானாவாரி நிலமும், மாடு பூட்டிக் கமலை இறைக்கிற கிணறு ஒன்றோடு சிறு தோட்டமும் இருந்தன. அவன் யார் சொத்தையும் தொட்டவனில்லை. ஆனாலும் பொழுது சாய்ந்தால் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்க் கைரேகை வைக்க வேண்டும். அவன் சாதியில் பிறந்த ஆண்பிள்ளைகள் எல்லாரும் பிறவித் திருடர்கள் என்று வெள்ளைக்காரச் சர்க்கார் சட்டம் எழுதி வைத்திருந்தது. ஸ்டேஷனில் அனுமதிச் சீட்டு வாங்காமல் பக்கத்து ஊர்க் கல்யாணத்துக்குக்கூடப் போக முடியாது. ஊர்ப் பஞ்சாயத்தார் ஒருவனை நல்லவன் என்று சொல்லி எழுதிக்கொடுத்தால் சர்க்கார் பார்த்து விலக்குக் கொடுக்கும். 1938-ம் வருஷத்துக் கோடையில் முத்திருளன் பெயரை அப்படி எழுதிக் கொடுப்பதாக ஊர்ப் பெரியவர் வெள்ளைத்துரை வாக்குக் கொடுத்திருந்தார். அவர் முத்திருளனுக்குப் பெரியப்பா முறை. விலக்கு வந்ததும் முதல் காரியமாகச் சித்திரைத் திருவிழாவுக்கு இரண்டு பேருமாக மதுரைக்குப் போய்ச் சாவகாசமாகத் தங்கி வர வேண்டும் என்று அவன் பெண்டாட்டியிடம் சொல்லிக்கொண்டிருந்தான்.

அந்தக் கோடையில் சேரிக்காரர்கள் ஓடைமணலில் தோண்டி வைத்திருந்த ஊற்றும் வற்றிப்போனது. குளிக்கவும் குடிக்கவும் எல்லாவற்றுக்கும் புளியமரத்தடிதான் என்றானது. நிற்கிறவர்கள் கூடினார்கள். ஊருணியில் தண்ணீர் கீழே போகப் போக, ஊற்றுகிறவர்கள் குறைந்தார்கள். இருபது படி இறங்கி ஏறுவதே பாடு, இதில் அடுத்தவளுக்கு வேறு சுமப்பதா என்று முணுமுணுத்தார்கள்.

பாண்டியம்மாள் தன் சித்தி மகள் கல்யாணத்துக்காகச் சோழவந்தானுக்குப் போயிருந்த சமயத்தில்தான் அது நடந்தது. சேரியில் சோலை என்பவன் வெள்ளைத்துரை வீட்டுப் பண்ணையில் வேலை பார்த்தான். அவன் பெண்டாட்டி மலையம்மாள். அவர்களுடைய மகள் சின்னத்தாய் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்து, பிள்ளை பெற்ற கையோடு ஜுரத்தில் கிடந்தாள். உடம்பு அனலாகக் கொதித்தது. ஈரத்துணி போடவும் வாயை நனைக்கவும் வீட்டில் தண்ணீர் இல்லை. மலையம்மாள் காலையிலிருந்து புளியமரத்தடியில் நின்றாள். வந்தவர்கள் எல்லாரும் மொண்டுகொண்டு போய்விட்டார்கள். உச்சிவெயிலில் ஊருணியில் ஈ காக்கை இல்லை. அவள் கொஞ்சநேரம் சுற்றுமுற்றும் பார்த்தாள். பிறகு இறங்கினாள். குடத்தை அமுக்கி நிறைத்துக்கொண்டு ஏறினாள்.

கரைக்கு வந்தபோது எதிரே முத்துத்தாய் நின்றுகொண்டிருந்தாள். முத்திருளனின் அண்ணன் பெண்டாட்டி. அவள் போட்ட கூச்சலில் ஆட்கள் கூடிவிட்டார்கள். மலையம்மாளின் குடத்தைத் தட்டி உடைத்தார்கள். சாயங்காலம் சாவடியில் கூட்டம் போட்டு, சோலையும் மலையம்மாளும் ஊரார் முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழ வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னார்கள். விழுந்தார்கள். வெள்ளைத்துரை எழுந்திருக்கச் சொல்கிறவரை புழுதியில் கிடந்தார்கள். சின்னத்தாய்க்கு அன்றைக்கு யாரோ ஆட்டுக்கார மனுஷன் தோல்பையில் வைத்திருந்த தண்ணீரைக் கொடுத்திருக்கிறான். அவள் பிழைத்துக்கொண்டாள்.

சோழவந்தானிலிருந்து திரும்பியதும் பாண்டியம்மாளுக்கு இது தெரிந்தது. கேட்டதும் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. பொறுக்கமுடியாமல் ஒரு குடம் தண்ணீரும், கல்யாணவீட்டிலிருந்து கொண்டுவந்த வெற்றிலைக் கவுளியும் எடுத்துக்கொண்டு சேரிக்குப் போனாள். ஊர்ப் பெண்கள் அந்தத் தெருவுக்குள் நுழைவதில்லை. அவள் நுழைந்ததையே பெரிய காரியமாக நினைத்துக்கொண்டாள்.

மலையம்மாள் வாசலில் கேப்பை புடைத்துக்கொண்டிருந்தாள். முழங்கையில் சிராய்ப்பு இருந்தது. எழுந்து நின்றாள்.

பாண்டியம்மாள் தன் வருத்தத்தையெல்லாம் கொட்டினாள். இந்த ஊரில் இரக்கமுள்ளவர்களே இல்லையா என்றாள். கடைசியில், "நான் மட்டும் ஊர்ல இருந்திருந்தா ஊத்தியிருப்பேனே மலையம்மா. ஒனக்கு இந்தக் கதி வந்திருக்குமா?" என்றாள்.

மலையம்மாள் சொளகைக் கீழே வைத்தாள். கோபமாக இல்லை, மெதுவாகத்தான் கேட்டாள்.

"நீங்க ஊருக்குப் போயிட்டா எங்களுக்குத் தாகம் எடுக்காதா தாயி?"

பாண்டியம்மாள் தண்ணீரை அங்கிருந்த தாழியில் ஊற்றிவிட்டு வந்துவிட்டாள். வழியில் முதலில் அவளுக்குக் கோபம்தான் வந்தது. இத்தனை வருஷம் ஊற்றியதற்கு இதுதான் மரியாதையா என்று தோன்றியது. வீட்டுக்கு வந்து அடுப்பு பற்றவைத்து, சோளத்தை உலையில் போடுகிறபோது கோபம் போய்விட்டது. கேள்வி மட்டும் இருந்தது.

இதற்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று நினைத்தாள். மறுநாளே ஆள் விட்டு, தன் தோட்டத்துக் கிணற்றில் வந்து சேரியார் எல்லாரும் இறைத்துக்கொள்ளலாம் என்று சொல்லியனுப்பினாள். கிணறு அவர்களுடையது, ஊருக்குப் பொதுவானதில்லை. யார் கேட்கமுடியும்? முத்திருளன் யோசித்தான், ஆனால் தடுக்கவில்லை.

சேரிப் பெண்கள் தயங்கித் தயங்கி வந்தார்கள். கமலை இறைக்கும்போது வாய்க்காலில் பிடித்துக்கொண்டார்கள். பாண்டியம்மாள் வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு மறுபடியும் மனசு நிறைந்தது. இரண்டு மூன்று நாள்தான். அதற்குள் வெள்ளைத்துரை சோலையைப் பண்ணையிலிருந்து நிறுத்திவிட்டார். சேரியாரில் இன்னும் இரண்டு பேரைக் களத்துமேட்டில் வைத்து யாரோ அடித்தார்கள். பாண்டியம்மாளை ஒருவரும் ஒரு சொல் சொல்லவில்லை. முத்துத்தாய் மட்டும் பேச்சை நிறுத்திக்கொண்டாள்.

மலையம்மாள் தோட்டத்துக்கு வந்தாள். கையில் குடம் இல்லை.

"இனிமே நாங்க இங்க வரல," என்றாள். "கூப்பிட்டது நீங்க. வேலை போனது எங்களுக்கு."

"நல்லதுக்குத்தான செஞ்சேன்?"

"நல்லதுக்குத்தான். இல்லேங்கல. எங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் செஞ்சிருக்கலாம்."

அவள் போன பிறகு பாண்டியம்மாள் கிணற்று மேட்டிலேயே உட்கார்ந்திருந்தாள். மாட்டை அவிழ்க்க வந்த முத்திருளன் என்ன என்று கேட்டான். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். தான் நல்லவளா கெட்டவளா என்று தனக்கே தெரியவில்லை என்றும் சொன்னாள்.

முத்திருளன் அதிகம் பேசுகிறவன் இல்லை. மாட்டைக் கட்டுத்தறியில் கட்டிவிட்டு வந்து அவளருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். ஸ்டேஷனுக்குக் கிளம்ப இன்னும் நேரம் இருந்தது.

"டேசன்ல நம்ம ஏட்டையா இருக்காருல்ல," என்றான். "நல்ல மனுசன். முன்னாடி இருந்தவன் மாதிரி அடிக்கிறதில்ல, வையிறதில்ல. மழைன்னா சீக்கிரம் ரேகை வச்சுட்டுப் போகச் சொல்லுவாரு. ஒரு நாளு எனக்கு ஜுரம்னு தெரிஞ்சு, அவரு குடிக்க வச்சிருந்த சுக்குத்தண்ணியைக் குடுத்தாரு. நான் கையெடுத்துக் கும்பிட்டேன். அவரு மூஞ்சியில எம்புட்டுச் சந்தோசம்ங்கிற."

கொஞ்சநேரம் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தான்.

"வீட்டுக்கு வந்து படுத்தா எனக்குத் தூக்கம் வரல புள்ள. சுக்குத்தண்ணி குடுத்தவரு மேல கோவமில்ல. ஆனா அந்த நல்ல மனுசன் கால்மாட்டுலதான நான் உட்காந்திருந்தேன். அவரு நாற்காலியில இருந்தாரு. அடுத்த நாளும் அங்கதான் போயி உட்காந்தேன்."

அவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ரேகை வைக்கக் கிளம்பிவிட்டான். அவன் ஒற்றையடிப்பாதையில் போவதைப் பார்த்துக்கொண்டே இருந்த பாண்டியம்மாளுக்கு, புளியமரத்தடியில் தன்னைக் கண்டு மலர்கிற முகங்கள் ஞாபகத்துக்கு வந்தன. தினமும் அவளுடைய புருஷனும் அந்த ஏட்டையாவைக் கண்டு அப்படித்தான் முகம் மலர்ந்திருப்பான். அந்த நினைப்பு அவளைக் கூசவைத்தது.

அடுத்த நாள் அவள் வெறுங்கையோடு சேரிக்குப் போனாள். எதையும் சொல்வதற்காகப் போகவில்லை. மலையம்மாளின் வாசலில் தரையில் உட்கார்ந்தாள். மலையம்மாள் பதறி, சாக்கை விரிக்கப் போனாள். வேண்டாம் என்றாள்.

"நான் என்ன செய்யணும்னு நீ சொல்லு. எனக்குத் தெரியல," என்றாள்.

மலையம்மாள் தங்கள் தெருப் பெண்களிடம் பேச வேண்டும் என்றாள். சோலையிடமும் பேச வேண்டும். வெளியூரில் வேலை கிடைக்குமா என்று பார்க்க அவன் மதுரைக்குப் போயிருக்கிறான், வரட்டும் என்றாள். பாண்டியம்மாள் சரி என்று எழுந்து வந்தாள். காத்திருப்பது அவளுக்குச் சிரமமாக இருந்தது. ஒவ்வொரு நாளும் ஏதாவது செய்துவிட வேண்டும் என்று கை பரபரத்தது. ஊருணிக்குப் போகிறபோது புளியமரத்தடியில் நிற்கிறவர்களுக்கு வழக்கம்போல ஊற்றினாள். ஆனால் அவர்கள் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

சோலை சிம்மக்கல்லில் ஒரு மண்டியில் மூட்டை தூக்க வேலை பேசிவிட்டு வந்தான். இனி ஊரில் யாருடைய பண்ணையையும் நம்பி அவர்கள் அடுப்பெரிய வேண்டியதில்லை. அதன் பிறகுதான் மலையம்மாள் தோட்டத்துக்கு வந்து பதில் சொன்னாள்.

"வெள்ளிக்கிழமை காலையில, எல்லாரும் தண்ணி எடுக்கிற நேரத்துல, நாங்க படியிறங்கப் போறோம். நாலஞ்சு பேரு வாரோம்னு சொல்லியிருக்காக. நீங்க ஊத்த வேணாம். எங்க குடத்தைத் தூக்கவும் வேணாம். பக்கத்துல நில்லுங்க. கை ஓங்குறவுக ஒங்களத் தாண்டி வரட்டும்."

பாண்டியம்மாள் யோசித்துப் பார்த்தாள். ஊற்றுவது எளிது. தன் ஓரகத்தி முத்துத்தாயும் கொழுந்தன்மார் பெண்டாட்டிகளும் பார்த்துக்கொண்டிருக்க அப்படி நிற்பது வேறு. "சரி" என்ற சொல் வெளியே வர நேரமானது. ஆனாலும் வந்தது.

முத்திருளனிடம் சொன்னபோது அவன் முகம் சுருங்கியது. விலக்குக்குப் பெயர் எழுதி அனுப்பப் போகிற சமயம், இன்னும் ஒரு மாசம் பொறுக்கக் கூடாதா என்றான். ஒரு மாசத்துக்கு அப்புறம் அறுவடை வரும், அதற்கு அப்புறம் சாமி கும்பிடு வரும் என்று அவனுக்கே தெரிந்திருந்தது. ஆமாம் என்றோ வேண்டாம் என்றோ சொல்லாமல் எழுந்து போய்விட்டான்.

வெள்ளிக்கிழமை ஊருணியில் நல்ல கூட்டம். மலையம்மாள் முன்னால் வந்தாள். பின்னால் நாலு பேர், அதில் ஒருத்தி வழியிலேயே அழுதுகொண்டு வந்தாள். பாண்டியம்மாள் தன் பித்தளைக் குடத்தோடு கரையில் நின்றிருந்தாள். அவர்கள் புளியமரத்தைத் தாண்டியதும் அவளும் கூட நடந்தாள். மலையம்மாள் முதல் படியில் காலை வைத்தாள். பாண்டியம்மாள் அவளுக்கு வலப்பக்கம் இறங்கினாள்.

பேச்சுச் சத்தம் நின்றது. கீழே தண்ணீரில் நின்றவர்கள் அப்படியே நிமிர்ந்து பார்த்தார்கள். யாரோ வைதார்கள். முத்துத்தாய் படியேறி வந்து பாண்டியம்மாளுக்கு எதிரே நின்றாள். குடும்ப மானத்தைக் கெடுக்க வந்தவளே என்று தொடங்கி என்னென்னவோ சொன்னாள். பாண்டியம்மாள் நின்ற படியைவிட்டு நகரவில்லை. முத்துத்தாய் அவளைத் தாண்டி மலையம்மாளின் குடத்தைப் பிடிக்க எட்டினாள். பாண்டியம்மாள் குறுக்கே வந்தாள். தள்ளுமுள்ளில் பித்தளைக் குடம் கைநழுவிப் படிகளில் உருண்டு, ஒவ்வொரு கல்லிலும் மோதிச் சத்தமிட்டுக்கொண்டே போய்த் தண்ணீரில் விழுந்தது. பாண்டியம்மாள் படிமுனையில் விழுந்து நெற்றி பிளந்தது.

ரத்தத்தைக் கண்டதும் முத்துத்தாய் பின்வாங்கினாள். அந்த இடைவெளியில் மலையம்மாள் கீழே இறங்கிப் போனாள். மொண்டாள். மற்ற நாலு பேரும் மொண்டார்கள். அழுதுகொண்டு வந்தவளும் மொண்டாள். ஏறி வருகையில் மலையம்மாள் ஒரு படியில் நின்று, குடத்தை இறக்கிவைத்து, தன் முந்தானையைக் கிழித்துப் பாண்டியம்மாளிடம் நீட்டினாள்.

"அழுத்திப் பிடி," என்றாள்.

தாயி என்று சொல்லவில்லை. இருவருமே அதைக் கவனித்தார்கள்.

கரைமேல் முத்திருளன் நின்றிருந்தான். எப்போது வந்தான் என்று யாருக்கும் தெரியாது. ஓடிவந்த ஆண்களில் இரண்டு பேர் அவனைப் பார்த்ததும் நின்றுவிட்டார்கள். அவன் கையில் கம்பு ஒன்றும் இல்லை. சும்மா வழியில் நின்றான், அவ்வளவுதான்.

அன்றைக்கே சாவடியில் கூட்டம் கூடியது. வெள்ளைத்துரை கெட்டவர் இல்லை. தம்பி மகனைக் காப்பாற்றிவிட வேண்டும் என்றுதான் நினைத்தார். பொம்பளை தெரியாமல் செய்துவிட்டாள், ஊரில் மன்னிப்புக் கேட்டுவிடு, இதோடு முடித்துக்கொள்ளலாம் என்றார். முத்திருளன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

"அவ தெரிஞ்சுதான் செஞ்சா பெரியப்பா," என்றான்.

"யோசிச்சுப் பேசுப்பா. இப்பிடி நின்னா, ஒன்ன நல்லவன்னு எழுதிக் குடுக்க எங்களால முடியாது. காலம் பூராம் ரேகை வச்சுக்கிட்டுத்தான் கெடக்கணும்."

"பொறந்த பொறப்புக்காக வெள்ளக்காரன் நம்மளக் கள்ளன்ங்கிறான். நீங்களும் நானும் அதுக்காக எம்புட்டு வயிறெரிஞ்சிருக்கோம். நம்ம ஊருணியில வந்து நாம அதையே சொல்றோம். ஒங்களுக்கு அது தெரியலையா?"

கூட்டத்தில் சிலருக்கு அவன்மேல் கோபம் இன்னும் அதிகமானது. போலீஸ்காரன் செய்கிற அநியாயத்தையும் பரம்பரை வழக்கத்தையும் எப்படி ஒன்றாகச் சொல்லலாம் என்று வெகுநாள் பேசிக்கொண்டார்கள். வெள்ளைத்துரை மட்டும் வெற்றிலையை மடித்தவர் வாயில் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

ஊர் முத்திருளன் குடும்பத்தை விலக்கி வைத்தது. நல்லது கெட்டதுக்குச் சொல்லவில்லை. வண்ணான் வரவில்லை, நாவிதன் வரவில்லை. கமலைக் கயிறு அறுந்தால் இரவல் கிடைக்கவில்லை. கடலை பிடுங்க ஆள் வரவில்லை. சேரியிலிருந்து வருவார்கள் என்று பாண்டியம்மாள் உள்ளூர எதிர்பார்த்தாள். வரவில்லை, வந்தால் அடிவிழும். வராததற்காக அவர்கள்மேல் வருத்தப்படத் தொடங்கியதும் தன்னையே பிடித்து நிறுத்திக்கொண்டாள். புருஷனும் பெண்டாட்டியும் மட்டும் பிடுங்கினார்கள். பாதிக் கடலை மண்ணுக்குள்ளேயே போனது.

சேரிப் பெண்கள் வெள்ளிக்கிழமைக்கு மறுநாளும் இறங்கினார்கள். அதற்கு மறுநாளும். முதலில் ஊர்க்காரர்கள் அந்தத் தண்ணீரைத் தொட மாட்டோம் என்று இருந்தார்கள். அந்தக் கோடையில் வேறு தண்ணீர் இல்லை. ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். ஒரு கட்டத்தில் தாசில்தார் காதுக்கு விஷயம் போய்விடும் என்று பயந்து, வெள்ளைத்துரையே சமாதானம் பேசினார். கிழக்கு, தெற்கு, மேற்குப் படிகள் ஊருக்கு, வடக்குப் படி சேரிக்கு என்று முடிவானது. பாண்டியம்மாளுக்கு அது பிடிக்கவில்லை. இதற்கா நின்றோம் என்று கேட்டாள். மலையம்மாள் சிரித்தாள். கையேந்தி நிற்பதற்கு இது எவ்வளவோ தேவலை, மற்றப் படிகளைப் பிறகு பார்க்கலாம் என்றாள். எதை முதலில் கேட்பது, எதைப் பிறகு கேட்பது என்று முடிவு செய்ய வேண்டியவள் மலையம்மாள்தான் என்று பாண்டியம்மாள் பேசாமல் இருந்துவிட்டாள். தான் மட்டும் வடக்குப் படியிலேயே தண்ணீர் எடுத்துவந்தாள். அதைத் தடுக்க யாருக்கும் தோன்றவில்லை.

முத்திருளனுக்கு விலக்கு வரவில்லை. அந்தச் சட்டமே ஒழிகிறவரை அவன் சாயங்காலமானால் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினான். சித்திரைத் திருவிழாவுக்குப் போய்த் தங்கவில்லை. அதற்காக ஒரு தடவைகூட அவன் அவளைக் குறை சொன்னதில்லை. ஆனால் மனசு ஆறாத நாட்களில் சாப்பிடாமல் எழுந்துவிடுவான். அது எதற்காக என்று அவளுக்குத் தெரியும். அவளும் கேட்க மாட்டாள்.

அடுத்த வருஷம் ஐப்பசியில் மழை கொட்டி ஊருணி நிரம்பியது. கிழக்குப் படியில் பாசி பிடித்து, யாரோ வழுக்கி விழுந்து காலை ஒடித்துக்கொண்டார்கள். வடக்குப் படி மட்டும் வெயில் படுகிற பக்கம், காய்ந்து கிடந்தது. ஒருநாள் காலை பாண்டியம்மாளும் மலையம்மாளும் அங்கே குடம் விளக்கிக்கொண்டிருந்தபோது, முத்துத்தாய் மேலே வந்து நின்றாள். கிழக்குப் பக்கம் பார்த்தாள். பிறகு எதுவும் சொல்லாமல் இறங்கி வந்து, இரண்டு படி தள்ளி நின்று, முகத்தைத் திருப்பிக்கொண்டே மொண்டாள். குடத்தை இடுப்பில் வைக்கும்போது, யாரைப் பார்த்தும் இல்லாமல், சின்னத்தாய் பிள்ளை நடக்க ஆரம்பித்துவிட்டானா என்று கேட்டாள்.

மலையம்மாள் குடத்தின் உட்புறத்தைத் தேங்காய் நாரால் நன்றாகத் தேய்த்து, அலசி ஊற்றினாள்.

"நடக்கான்," என்றாள்.

முத்துத்தாய் படியேறிப் போனாள்.